கொடுக்காப்புளி உள்ளே இருக்கிறாள்

ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை. அறையில் ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு குரு, ஒரு சீடன்.

குருவின் பெயர் ஜெபராணி. வயது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். சீடன் பால்ச்சாமி அவளைவிட மூத்தவர், மீசை நரைத்தவர். மில்லில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லை மூடியதும் கம்ப்யூட்டர் பழக வந்தார். குரு சீடனை 'அண்ணே' என்பாள். சீடன் குருவை 'டீச்சர்' என்பார்.

பால்ச்சாமி படியேறும்போதெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்பார். "குருகுலத்துக்குக் கிளம்பியாச்சா? இன்னிக்கு விறகு வெட்டணுமா, தண்ணி சுமக்கணுமா?"

"அசிங்கம் அள்ளணும்" என்பார் பால்ச்சாமி.

அது விளையாட்டுப் பேச்சில்லை. ஜெபராணி ஒரு வெப்சைட் நடத்தினாள். 'இறக்கிவை' என்று அதற்குப் பெயர். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பெண்கள் அதில் எழுதுவார்கள். ஒரு வெள்ளைக் கட்டம், கீழே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். சொந்தப் பேரும் ஊரும் எழுதக் கூடாது, பட்டப்பேர் வைத்துக்கொள்ளலாம். வாசிக்கிற மற்ற பெண்கள் கீழே பதில் போடுவார்கள். எந்த ஆபீசில் மனு கொடுக்கணும், வீட்டை விட்டுக் கிளம்பினால் எந்தக் காகிதத்தை மறக்காமல் எடுக்கணும், வீங்கின கண்ணுக்கு என்ன வைக்கணும். பக்கத்தின் அடியில் ஜெபராணியின் போன் நம்பர் இருக்கும். அவசரம் என்றால் கூப்பிடலாம்.

வாசல் திறந்து கிடந்ததால் கண்டவனும் உள்ளே வந்தான். வந்தவன் வாயில் வந்ததை எழுதிவிட்டுப் போனான். அதைத் தேடித் தேடி அழிப்பது பால்ச்சாமியின் வேலை.

ஒருநாள் பால்ச்சாமி கேட்டார்.

"டீச்சர், இதுக்கு ஒரு லாகின் வச்சா என்ன? போன் நம்பரைக் குடு, ஓடிபி வரும், அதைப் போட்டுட்டு உள்ள வா. ஒரு பய எட்டிப் பார்க்க மாட்டான்."

ஜெபராணி கையை நீட்டினாள்.

"உங்க போனைக் குடுங்கண்ணே."

பால்ச்சாமியின் போன் சட்டைப்பையை விட்டு இறங்காது. குளிக்கப் போனால்கூட ஜன்னல் விளிம்பில் கண்ணெதிரே இருக்கும். மனசில்லாமல் கொடுத்தார். அவள் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப நம்ம தளத்துக்குள்ள போங்க."

கம்ப்யூட்டரில் திறந்தார். "போயாச்சு."

"ஒரு வரி எழுதுங்க."

'வெயில் மண்டையைப் பிளக்குது' என்று எழுதி அனுப்பினார். "எழுதியாச்சு."

"சரி" என்றாள் ஜெபராணி. தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே டீச்சர்?"

"சொல்லியாச்சுண்ணே."

சாயங்காலம்தான் போன் கைக்கு வந்தது. அதுவரை பால்ச்சாமி சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதும் கையை எடுப்பதுமாக இருந்தார். படி இறங்கியதும் கடைக்காரரிடம் புலம்பினார்.

"போனைப் பிடுங்கிப் பூட்டி வைக்கிறதுக்கு நான் என்ன எட்டாப்புப் பிள்ளையா? இதெல்லாம் ஒரு பதிலா?"

"குரு அப்படித்தான் சொல்லும். நீதான் விளங்கிக்கணும்."

"விளங்கலைன்னா?"

"விறகு வெட்டு."

அந்தத் தளத்தில் 'கொடுக்காப்புளி' என்று ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். பெரிதாக எழுத மாட்டாள். ரெண்டு வரி, மூணு வரி. புருஷன் அடிப்பதை மழை பெய்தது, பஸ் வந்தது என்பதுபோல எழுதுவாள். ஒருநாள் மட்டும் அவள் எழுத்து மாறியிருந்தது.

'எனக்குப் பழகிருச்சு. ஆனா இன்னிக்குப் பாப்பா பொம்மையை அடிச்சிட்டிருந்தா. அவர் சொல்ற அதே வார்த்தையைச் சொல்லி அடிக்கிறா. அடிச்சிட்டு, அழுவியா அழுவியான்னு கேக்கிறா. நான் கிளம்பணும்.'

பதில்கள் குவிந்தன. ரேஷன் கார்டு, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், மாற்றுத் துணி. எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகும்படி ஒருத்தி எழுதினாள். ஜெபராணி பெண்கள் காப்பகத்தில் பேசி அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு கட்டில் சொல்லி வைத்தாள்.

கொடுக்காப்புளி எழுதினாள். 'அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விடப் போற மாதிரி கிளம்பிருவேன். டவுன்ல இறங்கி யார்கிட்டயாவது போன் வாங்கிக் கூப்பிடறேன் டீச்சர்.'

அதற்கடியில்தான் எவனோ ஒருவன் எழுதினான். அவன் எழுதியதை இங்கே சொல்ல முடியாது. பால்ச்சாமி அழித்தார். மறுபடி எழுதினான். மறுபடி அழித்தார். அவருக்கும் ஒரு மகள் உண்டு, கல்லூரி விடுதியில் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜெபராணியின் மகனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் தளத்தின் பாஸ்வேர்டைப் பால்ச்சாமியிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

"அசிங்கத்தை மட்டும் அழிச்சுட்டே இருங்கண்ணே. வேற எதையும் தொட வேண்டாம்."

"நான் பார்த்துக்கறேன் டீச்சர். நீங்க பிள்ளையைப் பாருங்க."

பால்ச்சாமி பார்த்துக்கொண்டார். வீடியோ பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாகச் செய்து, திருத்தி, ஒரு லாகின் செய்து வாசலில் வைத்தார். 'உங்கள் பட்டப்பேரையும் போன் எண்ணையும் கொடுங்கள்' என்று கேட்கும். ஓடிபி போகும். அதைப் போட்டால்தான் வாசிக்கவோ எழுதவோ முடியும். உள்ளே வந்தவர்களின் பேருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். அது அவராகவே யோசித்துச் சேர்த்தது. பார்க்க அழகாக இருந்தது.

அசிங்கம் நின்றது. நின்றதென்றால் அடியோடு நின்றது.

அன்று மாலையே முதல் ஆளாகக் கொடுக்காப்புளியின் பேரில் பச்சைப் புள்ளி எரிந்தது. பால்ச்சாமி கை தட்டாத குறைதான். கீழே போய்க் கடைக்காரருக்கு உளுந்த வடை வாங்கிக் கொடுத்தார்.

"என்ன விசேஷம்?"

"விறகு வெட்டி முடிச்சாச்சு."

மகனுக்குக் காய்ச்சல் விட்டதும் ஜெபராணி திரும்பி வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். பால்ச்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். ஒரு கெட்ட வார்த்தை உண்டா?"

ஜெபராணி லாகினைப் பார்த்தாள். பிறகு பக்கங்களைப் பார்த்தாள்.

"நல்ல வார்த்தையும் ஒண்ணுகூடக் காணோமேண்ணே."

"மெதுவா வருவாங்க. புதுசு இல்லையா. நம்ம கொடுக்காப்புளி முதல் ஆளா வந்துட்டா. இந்தா, இப்பக்கூட உள்ளதான் இருக்கா."

"என்ன எழுதினா?"

"எழுதலை. வாசிக்கிறா. வந்ததுலேருந்து வாசிப்புதான். அவ எழுதினதைத்தான், முதல்லேருந்து ஒண்ணு விடாம வாசிக்கிறா."

ஜெபராணி ஏதோ கேட்க வாயெடுத்தாள். பால்ச்சாமியின் சட்டைப்பையில் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம ஓடிபிதான். எனக்கே வருது! நான் எதையும் அமுக்கலியே."

"உங்க நம்பரை யார் போட்டிருப்பா?"

"எவனாவது தப்பா..." என்று ஆரம்பித்தவர் நின்றார்.

போன் மறுபடி அடித்தது. இன்னொரு ஓடிபி.

"மதினியா?" என்றாள் ஜெபராணி.

பால்ச்சாமியின் மனைவி சீனியம்மாள். அந்நேரம் வீட்டில் அவள் மட்டும்தான் இருப்பாள். மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் வீட்டில்தான் கிடந்தது.

"அவகிட்ட நம்பரைக் கேட்டா என் நம்பரைத்தான் சொல்லுவா டீச்சர். கேஸ் சிலிண்டர் பதிய, ரேஷன் கடை, பிள்ளை காலேஜ், எங்க கேட்டாலும் இதுதான். மனப்பாடம். ஓடிபி எங்க போவும்னெல்லாம் அவளுக்கு... அவளுக்குன்னு ஒரு நம்பர்..."

முடிக்கவில்லை. போனை மேசைமேல் வைத்தார். அது மூன்றாம் தடவை அடிக்கவில்லை.

"அவளுக்கு என்ன டீச்சர் குறை? நான் ஒருநாள் கை நீட்டினதில்லை. இங்க வந்து இறக்கி வைக்கிற அளவுக்கு அப்படி என்ன சுமை?"

ஜெபராணி மேசை இழுப்பறையை இழுத்தாள். காலியாக இருந்தது. தள்ளி மூடினாள்.

பால்ச்சாமி அந்த இழுப்பறையையே பார்த்தார்.

பிறகு ஜெபராணி திரையில் எரிந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

"இது யாருண்ணே?"

"கொடுக்கா..."

வார்த்தை பாதியில் நின்றது.

ஜெபராணி பழைய பக்கமொன்றைத் திறந்தாள். கொடுக்காப்புளி முதன்முதலாக எழுதியது. 'எனக்குன்னு போன் கிடையாது. அவர் கையிலதான் இருக்கும். பாப்பாவோட டேப்ல, பக்கத்து வீட்டு வைஃபைல எழுதறேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.'

பால்ச்சாமியும் அதை வாசித்தவர்தான். அதற்கடியில் வந்த அசிங்கத்தை அழித்ததும் அவர்தான்.

"நம்பரைக் கேட்டிருக்கு" என்றாள் ஜெபராணி. "மதினி மாதிரியே மனசுல இருக்கிற நம்பரைப் போட்டிருக்கா. ஓடிபி, தளத்துப் பேரு, பட்டப்பேரு எல்லாம் அவ புருஷன் கைக்குப் போயிருக்கு. உள்ள உக்காந்து வாசிக்கிறது அவன்தான்."

பால்ச்சாமி துள்ளி எழுந்தார்.

"நம்பர் இருக்கு டீச்சர்! முன்ன அவ யாரு எவருன்னே நமக்குத் தெரியாது. இப்ப நம்பர் இருக்கு. உடனே கூப்பிட்டு எச்சரிச்சிரலாம்."

"கூப்பிட்டா யார் எடுப்பா?"

பால்ச்சாமி உட்கார்ந்தார்.

ஜெபராணி பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். நம்பரைக் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் ஒரு பெண் போலீஸ் திருப்பிக் கூப்பிட்டார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"வீட்டைக் கண்டுபிடிச்சுப் போனோம்மா. புருஷன்தான் கதவைத் திறந்தான். உக்காருங்க மேடம், காபி குடிங்கன்னான். அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் எதுவும் எழுதலை, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துருச்சு."

"அவ கையைப் பார்த்தீங்களா மேடம்?"

"முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்துச்சு. இந்த வெயில்ல."

"பாப்பா?"

"அம்மா சேலையைப் பிடிச்சுட்டு நின்னுச்சு. பேசலை."

அன்று பால்ச்சாமி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். சீனியம்மாள் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிபி பற்றி அவள் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது.

தோசைக்கரண்டி நின்றது.

அவர் எடுத்துப் பார்த்தார். "துணிக்கடை விளம்பரம்" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றாள் சீனியம்மாள். கரண்டி மறுபடி நகர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு விளம்பரம் வந்தது. கரண்டி மறுபடி நின்றது. தோசை கருகும் வாசனை வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கரண்டி இப்படி எத்தனை முறை நின்றிருக்கும் என்று பால்ச்சாமிக்குத் தெரியவில்லை. அது நிற்பதை அவர் கவனித்தது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை. குருவும் சீடனும் மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜெபராணியின் போன். இனி யாரும் நம்பர் போடாதபடி லாகினை விஷயம் தெரிந்த அன்றைக்கே எடுத்தாகிவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்தவனை மட்டும் ஜெபராணி வெளியே தள்ளவில்லை. புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"அவனையும் தூக்கி வெளிய போட்டுரட்டுமா டீச்சர்?"

"இருக்கட்டும்ணே. இதை வாசிக்கிற நேரமாவது அவ மேல கை விழாது."

பள்ளிக்கூட மணி நேரம் வந்தது. போனது. கீழே தெருவில் பிள்ளைகளைக் கொண்டுவிட்டுத் திரும்பும் அம்மாக்கள் பேசிக்கொண்டு போனார்கள். ஒருத்தி ஏதோ சொல்லி மற்றவள் கெக்கலித்துச் சிரித்தாள். வாங்கி வைத்த டீயில் ஏடு படிந்தது.

"போலீசு வந்து போனதுல பயந்திருப்பான். விட்டிருப்பான் டீச்சர். இல்லையா?"

"தெரியலைண்ணே."

"பஸ் லேட்டா இருக்கும். வெள்ளிக்கிழமைல்ல, கூட்டம்."

ஜெபராணி போனை எடுத்து, அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"குருகுலத்துல சத்தமே காணோம்?" என்று கீழேயிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார்.

மதியம் தாண்டி, வெள்ளைக் கட்டத்தில் எழுத்து விழுந்தது. கொடுக்காப்புளி என்ற பேரில்தான் விழுந்தது. பால்ச்சாமி எழுந்து குனிந்து வாசித்தார்.

'போன் வராது. காத்திருக்க வேண்டாம்.'

கொஞ்ச நேரத்தில் பச்சைப் புள்ளி அணைந்தது.

ஜெபராணி காப்பகத்தைக் கூப்பிட்டாள். "அந்தக் கட்டிலை யாருக்கும் குடுத்துராதீங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்தப் பெண் போலீசின் எண்ணைத் தேடி எடுத்து, அவன் எழுதிய வரியைப் படித்துக் காட்டினாள். "மறுபடி போய்ப் பாக்கறோம்மா" என்றார் அவர்.

பால்ச்சாமி சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்னைத் திட்டுங்க டீச்சர். நாலு வார்த்தை திட்டுங்க."

"பாஸ்வேர்டைக் குடுத்து, திறந்து போட்டுட்டுப் போனவ நான்."

"அவளுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியும்ணே."

வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கியது. பால்ச்சாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டுல சீனியம்மாகிட்டக் கேட்கட்டுமா? அன்னிக்கு என்ன எழுத வந்தான்னு?"

"கேட்காதீங்க."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"நாளைலேருந்து போனை வீட்டுல வச்சுட்டு வாங்க."

பால்ச்சாமியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"போன் இல்லாம எப்படி டீச்சர்? யாராவது கூப்பிட்டா?"

"மதினி எடுக்கட்டும்."